ஒரு ‘த்’தும் இருபது லட்சமும்

இரண்டு மாதம் முன்பு எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றுகூடச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்த கட்டுரையைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, சிவப்பு மையால் வட்டம் வட்டமாகப் போட்டு அனுப்பியிருந்தார் ஒரு வாசகர். மொத்தம் பதினான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கோடு கிளம்பி ஓரத்துக்குப் போய், அங்கே ஒரு க், ஒரு ச், ஒரு த், ஒரு ப் என்று உட்கார்ந்திருந்தது. கீழே வலது மூலையில் மார்க். பிழைக்கு இரண்டு வீதம் கழித்து 100-க்கு 72.

ஓய்வுபெற்ற அரசு அலுவலராம். கையெழுத்து மணி மணியாக இருந்தது. ‘உங்களைப் போன்றவர்களே தமிழை இப்படிக் கொலை செய்யலாமா?’ என்று ஒரே ஒரு வரி.

கட்டுரையே கொலையைப் பற்றியதுதான். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர்களை இறக்கிவிட்டுச் சாகடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. ‘மூச்சு திணறி’ என்று நான் எழுதிய இடத்தில் வட்டம். ‘மூச்சுத் திணறி’ என்று இருக்க வேண்டும். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ‘இறந்த தொழிலாளி’ என்ற இடத்திலும் வட்டம் போட்டு, ‘இறந்தத் தொழிலாளி’ என்று திருத்தியிருந்தார். இது தப்பு. பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகாது. (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் மிகுமே என்று யாரும் கார்டு எழுத வேண்டாம். அதையும் பார்த்துவிட்டேன்.) இப்படி அவர் திருத்தியதில் மூன்று தப்பு. ஆக, என் பிழைகள் பதினொன்று. நியாயமாக எனக்கு வரவேண்டிய மார்க் 78.

இந்தக் கணக்கை இவ்வளவு சுத்தமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அன்று ராத்திரி பதினோரு மணி வரை இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாகச் சரிபார்த்தேன். அவமானம் அப்படி! முப்பது வருஷம் எழுதிக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஒரு ‘த்’ தெரியவில்லையே என்று.

அதே கட்டுரையில் இன்னொரு பிழை இருந்தது. அதற்கு அவர் வட்டம் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை. நாலு நாள் கழித்து ஒரு தொழிற்சங்கத் தோழர் போன் பண்ணினார்.

“தோழர், கட்டுரை நல்லாருந்துச்சு. ஆனா நஷ்டஈடு பத்து லட்சம்னு எழுதிட்டீங்களே. இப்போ முப்பது.”

நான் எழுதியது பழைய தொகை. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மார்ச் 27-ல். 1993 முதல் இறந்த எல்லாருக்கும் அது பொருந்தும் என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. உயிர் பிழைத்து நிரந்தரமாக முடமானால் குறைந்தது 20 லட்சம். வேறு வகை ஊனம் என்றால் குறைந்தது 10 லட்சம். அதாவது நான் ‘செத்தால் கொடுக்க வேண்டும்’ என்று எழுதிய தொகை, இன்று சாகாமல் ஊனமானவருக்கே கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? “அதான் தோழர், 2014 தீர்ப்புல பத்துதானே...”

“சரிதான் தோழர். ஆனா அந்தம்மாவோட தம்பி உங்க பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போய் ஆபீஸர் மேசையில வெச்சுட்டான். சப்போர்ட்டா இருக்கும்னு நெனச்சு. ‘பத்திரிகையிலேயே பத்துன்னுதானே போட்டிருக்கு, நீ என்னய்யா முப்பது கேக்குறே’ன்னு அவர் திருப்பிக் கேட்டாராம்.”

இருபது லட்சம் ரூபாய். என் ஒரு எண்ணின் விலை. புருஷனைத் தொட்டிக்குள் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து கழித்துவிட்டிருக்கிறேன்.

இப்போது என்னைப் பற்றிய வெட்கக்கேடான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு ஒற்றுப் பிழைக்காக ராத்திரி பதினோரு மணி வரை விழித்திருந்தவன், இருபது லட்சத்துக்கு முதலில் செய்தது சால்ஜாப்பு. ‘பழைய குறிப்பில் அப்படி இருந்தது’, ‘டெட்லைன்’, ‘கருத்துதானே முக்கியம், தொகையா முக்கியம்?’ என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஒற்றுப் பிழைக்குக் கூச்சம். தகவல் பிழைக்குச் சமாதானம். இந்த வியாதி எனக்கு மட்டும் வந்தது இல்லை. நம் எழுத்து உலகம் முழுக்க இருக்கிறது.

தமிழில் ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமானால் ரொம்பச் சுலபமான வழி, அவர் எழுதியதில் ஒரு ஒற்றைப் பிடித்துக்கொள்வது. ‘முயற்ச்சி’ என்று எழுதினான் பார், ‘அதற்க்கு’ என்று எழுதினான் பார் என்று சுவரொட்டியைப் படம் பிடித்து ஊர் முழுக்கச் சிரிக்கிறோம். (‘ற்’றுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. இவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சிரிப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு.) அதே சுவரொட்டியில் தலைவர் சொல்லியிருக்கிற புள்ளிவிவரம் சுத்தப் பொய்யாக இருக்கும். அதைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. பொய்யை ஒற்று மிகுத்துச் சரியாக எழுதினால் நமக்கு ஆட்சேபம் இல்லை போலிருக்கிறது.

இந்தச் சிரிப்பால் யாருக்கு என்ன நஷ்டம்? என்னைப் போன்றவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாலு நாள் முகம் வாடும், ஐந்தாம் நாள் அடுத்த கட்டுரை எழுதிவிடுவேன். நஷ்டம் வேறு இடத்தில்.

திங்கள்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும் அல்லவா? ஒருமுறை அங்கே வாசல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மனு எழுதிக் கொடுப்பவரிடம் ஒரு பெண் நூறு ரூபாய் கொடுத்து மனு வாங்கினார். ‘மேற்படி விலாசத்தில் வசித்து வரும் நான் தங்கள் சமூகத்திற்குப் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்’ வகை மனு. ஒற்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. அவர் கையில் நாலாக மடித்த இன்னொரு தாளும் இருந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. கேட்டு வாங்கிப் படித்தேன். அவரே வீட்டில் உட்கார்ந்து எழுதிய மனு. மழை பெய்தால் தெருவில் முட்டிவரை தண்ணீர் நிற்பதும், மகள் யூனிபார்மை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், அங்கே யார் வீட்டிலாவது உடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதும் அதில் இருந்தது. அந்த மகள் வயசுக்கு வந்த பிறகு யாரும் வீட்டுக்குள் விடத் தயங்குகிறார்கள் என்பதும் இருந்தது. மரத்தடி மனுவில் அது எல்லாம் போய், ‘மழைக்காலங்களில் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகிறோம்’ என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தது.

“இதையே குடுத்திருக்கலாமேம்மா” என்றேன்.

“ஐய, தப்பும் தவறுமா இருக்கும் சார். சிரிப்பாங்க.”

நாம் சிவப்பு மையால் போடுகிற வட்டம் போய் விழுகிற இடம் இதுதான். ஒன்பதாவது வரை படித்து, அதற்குப் பிறகு மளிகைச் சிட்டை தவிர எதுவும் எழுதாதவர், சொல்வதற்கு ஒரு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு, ல-வா ள-வா ழ-வா என்ற பயத்தில் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். அவர் எழுதாமல் போன பக்கங்களுக்கு யாரிடம் மார்க் கேட்பது?

ஒற்றைப் புனிதப் பொருளாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. நம் இலக்கியமெல்லாம் பல நூற்றாண்டுகள் எதில் இருந்தது? பனையோலையில். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கமே கிடையாது. க-வும் க்-கும் ஒரே மாதிரிதான் இருக்கும். எ-வா ஏ-வா, ஒ-வா ஓ-வா என்பதையும் படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் முன்னோர் புள்ளியில்லாத தமிழைப் படித்து அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். நாம் ஒரு புள்ளி குறைந்தால் தமிழ் செத்துவிட்டது என்று இரங்கல் கூட்டம் போடுகிறோம்.

சரி என்பதே ராத்திரியோடு ராத்திரியாக மாறியதும் உண்டு. பெரியார் 1935-லேயே தன் ‘குடி அரசு’ பத்திரிகையில் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை இன்று நாம் எழுதுகிற மாதிரி அச்சடிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. அதற்குப் பிறகு அதுதான் சரி. பழைய கொம்பு லை-யை எழுதிய பையனுக்குத்தான் வட்டம்.

உடனே ‘இலக்கணமே வேண்டாம் என்கிறான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறான். ஒற்றுக்கு வேலை உண்டு. என் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்துகிற பிழை திருத்துநருக்கு நான் எத்தனை தடவை கும்பிடு போட்டாலும் தகும். (அந்தப் பதினொன்று அவர் லீவில் இருந்த வாரம்.) எந்தப் பிழைக்கு எவ்வளவு வெட்கப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். ‘மனுஷன்னா தப்பு பண்றதுதான் சார். விட்டுத் தள்ளுங்க. அடுத்த வேலையைப் பாருங்க’ என்கிற தத்துவவாதிகள். எழுதுகிறவன் தன் பிழையோடு சமாதானமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே முடியாது என்று எனக்கும் உபதேசம் செய்திருக்கிறார்கள். நானும் கடைப்பிடித்திருக்கிறேன். ரொம்ப சுகமான உபதேசம் அது. ஆனால் சமாதானம் என்றால் அதற்கு இரண்டு தரப்பு வேண்டாமா? தப்பு பண்ணினவனே தனக்குத்தானே கைகொடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் சமாதானமா? தொட்டிக்குள் செத்தவனின் மனைவி இந்த ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போட்டார்?

1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் ராபர்ட் கோடார்ட் என்ற விஞ்ஞானியைக் கிண்டலடித்தார்கள். காற்றே இல்லாத வெட்டவெளியில் ராக்கெட் எப்படி முன்னால் போகும், பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்த பௌதிகம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்ற பாணியில். தப்பு டைம்ஸ் பக்கம். கோடார்ட் கூச்ச சுபாவி. இந்தக் கேலிக்குப் பிறகு வேலையைப் பற்றி வெளியே பேசுவதையே குறைத்துக்கொண்டார். 1945-ல் இறந்துபோனார். 1969 ஜூலை 16-ல் அப்பல்லோ-11 சந்திரனுக்குக் கிளம்பியது. மறுநாள், ஜூலை 17 அன்று, டைம்ஸ் அந்தப் பழைய தலையங்கத்துக்குத் திருத்தம் வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது வருஷம்! திருத்தத்தைப் படிக்க வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்து இருபத்துநாலு வருஷம். அதையும் ஒரு குறும்போடுதான் எழுதினார்கள். பெரிய பத்திரிகை எவ்வளவு பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டது என்று இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ கோடார்ட் ஞாபகம்தான் வருகிறது.

வேறு மாதிரி ஆட்களும் இருந்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பூச்சி அரித்த, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சுவடிகளை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை அது. அதில் பிழை இருக்கிறது என்று கண்டனங்கள் கிளம்பின. மனுஷர் எவ்வளவு நொந்துபோனார் என்று ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதியிருக்கிறார். நொந்துபோனாரே தவிர, முதல் பதிப்பே வேதவாக்கு என்று உட்கார்ந்துவிடவில்லை. மேலும் சுவடிகள் தேடி, திருத்தித் திருத்தி அடுத்தடுத்த பதிப்புகள் கொண்டுவந்தார். ஒரு சுவடியில் ஒரு பாடமும் இன்னொன்றில் வேறு பாடமும் இருந்தால், பிரதிபேதம் என்று அதையும் அச்சிட்டு வைத்தார். தான் தேர்ந்தெடுத்தது தப்பாக இருந்தால் நாளைக்கு வருகிறவன் கண்டுபிடிக்கட்டும் என்று துப்பையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

‘திருவிளையாடல்’ படத்தில் தருமி, பாட்டில் பிழை இருந்தால் அதற்குத் தகுந்தமாதிரி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடுவார். நாகேஷ் சொல்லி நாம் எல்லாரும் சிரித்தது. அமெரிக்காவில் டொனால்ட் நூத் என்று ஒரு பேராசிரியர் தருமிக்கு நேர் எதிர். கம்ப்யூட்டர் புரோகிராமிங் பற்றி 1968 முதல் பாகம் பாகமாகப் புத்தகம் எழுதிவருகிறார். அதில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு. அது என்ன கணக்கு? கம்ப்யூட்டர்காரர்கள் பதினாறு பதினாறாக எண்ணுகிற முறையில் 256-ஐ எழுதினால் 100 என்று வரும். ஆக, 256 சென்ட் அவர்கள் பாஷையில் ஒரு டாலர்! வாங்கியவர்கள் பலர் செக்கை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். செக் மோசடித் தொல்லை வந்து, 2008-லிருந்து நிஜ செக்கை நிறுத்தி, இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சர்டிபிகேட் கொடுக்க ஆரம்பித்தார். நக்கீரரை எதிர்த்து வாதாடாமல், அவருக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்து உட்காரவைத்தவர் இவர்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ் ‘தி இந்து’, 2006-ல் வாசகர் புகார்களைக் கேட்டுத் திருத்தம் வெளியிடுவதற்கென்றே கே.நாராயணனைத் தனி ஆசிரியராகப் போட்டது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘பக்கம், வரி, பிழை, திருத்தம்’ என்று நாலு பத்தியில் ஒரு அட்டவணை இருக்கும். புத்தகம் அச்சாகி முடிந்த பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு தாளில் அடித்து, ஒட்டி அனுப்புவார்கள். அந்தத் தாள் இப்போது எங்கே போயிற்று? பிழையே இல்லாமல் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டோமா என்ன? கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் திருத்திவிடலாம் என்று ஆன பிறகு, தப்பு இருந்த தடயமே இல்லாமல் துடைத்துவிடுகிறோம். நேற்று பத்து என்று படித்தவன், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனவன், அவனுக்கு யார் சொல்வது?

என் கதைக்கு வருகிறேன். தோழரின் போனை வைத்த பிறகு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு திருத்தம் எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். ‘வாசகர் கடிதப் பகுதியில் கீழே சின்னதாகப் போட்டுடலாமா?’ என்று கேட்டார்கள். பிழை எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ, அதே பக்கத்தில் அதே அளவில் வர வேண்டும் என்றேன். வந்தது. தீர்ப்பின் தேதி, தொகை, நான் எழுதியது தவறு என்ற வாசகம், என் பெயர். அச்சடித்த பக்கத்தில் பத்து பிரதியைத் தோழரிடம் கொடுத்தேன். அந்தத் தம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதே மேசையில் வைத்தாராம்.

சென்ற வாரம் மறுபடியும் ஒரு வெள்ளைத் தாள் வந்தது. மணி மணியான கையெழுத்து. என் திருத்தத்தைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். சிவப்பு வட்டம் இரண்டு. இரண்டும் நியாயமான வட்டங்கள். மார்க் போடவில்லை. மார்க் இருக்க வேண்டிய மூலையில் நீல மையால், ‘அந்த அம்மாவிடம் முப்பது லட்சத்தைக் கொடுத்து விட்டார்களா?’ என்று கேட்டிருந்தார்.

இல்லை ஐயா. கோப்பு மேலே போயிருக்கிறதாம். அடுத்த திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.